திட்டுத்திட்டாக நிற்கும் கான்கிரீட் தளம்: நிறத்தைச் சமன்செய்ய விற்கும் பொருட்களில் எது தேறும்?

கார் ஏறி இறங்கும் கான்கிரீட் தளத்தில் ஒரு கட்டம் வெளிறியும் பக்கத்துக் கட்டம் கறுத்தும் நின்றால், அதைச் சரிசெய்ய விற்கப்படும் பொருட்கள் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்: கழுவிகள், அமிலங்கள், உள்ளே ஊறி நிறம் தரும் ஸ்டெயின்கள், நிறம் கலந்த சீலர்கள் (சீலர் என்பது பரப்பை அடைத்துக் காக்கும் பூச்சு), மேலே இழுக்கும் மெல்லிய சிமெண்ட் பூச்சுகள். எந்த டப்பாவை எடுத்தாலும் "சீரான நிறம்" என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இவற்றில் பல, இருக்கிற வேறுபாட்டை இன்னும் எடுப்பாகக் காட்டுபவை. கண்ணாடி போன்ற பூச்சு அடியில் இருப்பதை மறைக்காது. கறுப்பு இன்னும் கறுக்கும், வெளிறல் கொஞ்சம்தான் கறுக்கும், வேறுபாடு குறையாது. சீலர் அடித்தால் திட்டு போய்விடும் என்று கடையில் சொல்வதை நம்பி வாங்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பணவிரயம்.

வாங்குவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் போதும். காய்ந்த தளத்தில் வெளிறிய இடத்தையும் கறுத்த இடத்தையும் சேர்த்து நனையுங்கள். வெள்ளைத் திட்டு நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது மேலே பூத்த உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்தது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். நனைத்த பிறகும் வேறுபாடு அப்படியே தெரிந்தால், சிமெண்ட் பசையின் அடர்த்தியே இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது என்று பொருள். அதைக் கழுவி எடுக்க முடியாது. தண்ணீர் ஊறாமல் முத்துமுத்தாக நின்றால் பழைய சீலரோ, எண்ணெயோ, நீராற்றுவதற்காக (புதுக் கான்கிரீட்டின் ஈரம் போகாமல் காக்க) அடித்த மெழுகுப் படலமோ மேலே இருக்கிறது. அதை எடுக்காமல் எந்த ஸ்டெயினும் பிடிக்காது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: பளபளக்கும் ஈரத்தோற்ற சீலர் அடித்தால் தளம் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் நனைந்த தளம் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் அந்தச் சீலரை வாங்காதீர்கள்.

அடர்த்தி வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் எந்தப் பொருள் எடுபடும் என்பது விளங்கும். தண்ணீர் கூடிய கலவை வெளிறும். தண்ணீர் குறைந்தது கறுக்கும். ஒரு லோடில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தக் கட்டம் முழுவதும் வெளிறிவிடும். கரணையைக் காலம் தாழ்த்தி, இறுகிய பிறகு அழுத்தித் தேய்த்த இடம் கறுத்து மினுங்கும். மேலே ஊறி நின்ற நீரை உறிஞ்ச வெறும் சிமெண்டைத் தூவுவது, காயும் பரப்பில் தண்ணீர் தெளித்துக் கரணை போடுவது இரண்டும் நிறத்தைக் கெடுப்பதோடு மேற்தோலையும் பலவீனமாக்கும். பிறகு அது பொருக்காக உரியும். சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு சேர்த்த கலவையில், சிமெண்டிலுள்ள இரும்புச் சேர்மம் முழுவதும் நீரோடு வினைபுரியாமல் தங்கிக் கரும்புள்ளிகளாகத் தெரியும். நீராற்ற பிளாஸ்டிக் தாள் விரித்தால், தாள் ஒட்டிய இடம் ஒரு நிறம், சுருக்கம் விழுந்து மேலே எழும்பிய இடம் இன்னொரு நிறம். இரும்பு உருக்காலைக் கசடு கலந்த சிமெண்டில் வரும் நீலப் பச்சை மட்டும் வேறு ரகம். காற்றும் வெயிலும் பட்டால் அது தானாகப் போய்விடும். அதற்கு எந்தப் பொருளும் தேவையில்லை.

புதுத் தளமாக இருந்தால் முதல் 28 நாளுக்குள் எதையும் வாங்க வேண்டாம். உலர உலர நிறம் மாறிக்கொண்டே இருக்கும். லேசான திட்டுகள் சில மாத மழையிலும் வெயிலிலும் கணிசமாக மங்கிவிடும்.

கழுவிகளும் பிரஷர் வாஷரும்

அழுக்கு, பாசி, டயர்த் தடம், இலைக்கறை இவற்றுக்கு மட்டும் இவை உதவும். காரத்தன்மையுள்ள எண்ணெய் நீக்கி, விறைப்பான நைலான் பிரஷ், பிறகு அலசல் என்பதே முறை. தடம் கறுப்பாகத் தங்கினால், டயர் ரப்பரிலிருந்து இறங்கிய எண்ணெய்ப்பசை கான்கிரீட்டுக்குள் ஊறியிருக்கிறது. ஒருமுறை கழுவினால் போகாது. பிரஷர் வாஷரைப் பொறுத்தவரை, கையில் பிடித்து அடிக்கும் குழலைவிட வட்டத் தட்டுக்குள் இரண்டு நாசில் சுழலும் இணைப்பு எவ்வளவோ மேல். குழலால் அடித்தால் தூரம் கூடிக்குறைந்து, ஏற்கெனவே திட்டாக இருந்த தளத்தில் வரிக்குதிரைக் கோடுகளும் சேர்ந்துகொள்ளும். குழல்தான் வழி என்றால் 25 பாகை விசிறி நாசில், 30 செ.மீ. தூரம், 3,000 பிஎஸ்ஐக்கு மேல் போகாத அழுத்தம். ஒரே இடத்தில் நின்று அடித்தால் சிமெண்ட் பால் கழன்று மணல் தெரியும். அந்த இடம் நிரந்தரமாக வேறு நிறம்தான்.

வெந்நீர் அலசல் பலர் நம்பாத, ஆனால் நல்ல முறை. புதுத் தளத்தின் லேசான திட்டுக்கு, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஒரு இரவு காயவிட்டு, மறுபடி செய்ய வேண்டும். சில சுற்றுக்குள் மாற்றம் தெரிந்தால் தொடரலாம், தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். செலவில்லாத சோதனை என்பதால் முதல் இடம் இதற்குத்தான்.

அமிலங்கள்: கடையில் பெரிதாக அடுக்கியிருப்பது வேறு, வேலை செய்வது வேறு

ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் எல்லா இடத்திலும் முதலில் நீட்டப்படும். உப்புப் படிவுக்கு அது சரி. அடர்த்தித் திட்டுக்கு மிகவும் முரட்டுப் பொருள். நீர்த்துப் பயன்படுத்தினால்கூட கறுத்த இடத்தையும் வெளிறிய இடத்தையும் ஒரே வேகத்தில் அரிக்காது. படிவை எடுக்க 1 முதல் 2 சதவீதக் கரைசலே போதும். தளத்தை முதலில் தண்ணீரால் நனைத்து, தேங்கிய நீரை வழித்துவிட்டு, அதன்மேல் போட வேண்டும். காய்ந்த தளத்தில் ஊற்றினால் அமிலம் உள்ளே இறங்கி, பிறகு மஞ்சள் கறையாக வெளிவரும். எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பொருள் எதோடும் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பக்கத்தில் நிற்கும் வண்டியையும் இரும்புக் கதவையும் தள்ளி வையுங்கள் அல்லது மூடுங்கள். அதன் ஆவிக்கே இரும்பு துருப்பிடிக்கும். துருக்கறையை எடுக்க இதை ஊற்றுவது பெரும் பிழை: கறை கரைந்து பரவி, பெரிய மஞ்சள் வட்டமாகிவிடும். துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலமே சரி.

இதைவிட மென்மையானவை 3 சதவீத அசெட்டிக் அமிலமும் 3 சதவீத பாஸ்பாரிக் அமிலமும். லேசான திட்டுக்கு இவற்றை முயலலாம். வேகம் குறைவு, சேதமும் குறைவு.

ஆனால் கறுத்த திட்டுகளுக்கென்று ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால், டைஅம்மோனியம் சிட்ரேட்தான். அழகான டப்பாவில் வராது, ரசாயனக் கடையில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். அதனாலேயே அதிகம் பேர் தொடுவதில்லை. 20 முதல் 30 சதவீதக் கரைசல் வேண்டும்: 2 கிலோ தூளை 8 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 20 சதவீதம். இது அமிலத்துக்கு நேர்மாறு. நனைக்காத, நன்றாகக் காய்ந்த தளத்தில் போட வேண்டும். சுமார் 15 நிமிடத்தில் மேலே வெண்ணிறக் கூழ் உருவாகும். அது காய்ந்து ஒட்டிக்கொள்ளக்கூடாது. உடனே தண்ணீர் விட்டு இளக்கி, பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். வெயிலில் செய்தால் இந்தக் கூழ் காய்ந்து வெள்ளைத் தடமாகிவிடும் என்பதால் காலையோ மாலையோ செய்யுங்கள். ஒரே தடவையில் பாதி மாற்றம்தான் தெரியும். இரண்டு மூன்று சுற்று தேவைப்படும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழுதாகக் காயவிடாமல் முடிவு சொல்லக்கூடாது. ஈரம் இருக்கும்வரை உண்மையான நிறம் தெரியாது.

கால்சியம் குளோரைடு போட்டதாலோ அழுத்தித் தேய்த்ததாலோ வந்த கடும் கறுப்புக்கு 10 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலும் ஒரு வழி. காய்ந்த தளத்தில் போட்டு, ஒன்றிரண்டு நாள் விட்டு, நன்றாகத் தேய்த்து அலச வேண்டும். அவ்வளவு நேரம் குழந்தையும் நாயும் பூனையும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள முடியாத வீட்டில் இதை எடுக்கவே வேண்டாம். தோலைப் பொசுக்கிவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சரியாக அலசாத காஸ்டிக்கின் மேல் சிட்ரேட் கரைசலை ஊற்றினால் அம்மோனியா வாயு முகத்தில் அடிக்கும். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எதுவானாலும் ஓரமாக 1 சதுர மீட்டரில் போட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு தீர்மானிக்க வேண்டும். அதிலும் கறுத்த இடமும் வெளிறிய இடமும் சந்திக்கும் ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறமான மூலையில் செய்த சோதனை எதையும் சொல்லாது.

ஸ்டெயின்கள்

ஆசிட் ஸ்டெயினைத் திட்டை மறைக்க விற்பவரிடம் வாங்காதீர்கள். அமிலத்தில் கரைத்த உலோக உப்புகள் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து நிறம் தருகின்றன. சுண்ணாம்பு எங்கே கூடுதலோ அங்கே நிறமும் கூடும். திட்டுத் திட்டான பளிங்குத் தோற்றம்தான் அந்தப் பொருளின் அழகு. ஏற்கெனவே திட்டான தளத்தில் அது திட்டைப் பலமடங்காக்கும். கரைப்பானில் வரும் சாயங்களும் வெளித் தளத்துக்கு ஆகாது, வெயிலில் வெளுத்துவிடும்.

தண்ணீர் அடிப்படையிலான, அக்ரிலிக் கலந்த ஸ்டெயின்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். நிறமி அதிலேயே இருக்கிறது; சுண்ணாம்பை நம்பியில்லை. இரண்டு ரகம் உண்டு: பாதி மறைக்கும் ரகம், முழுதாக மறைக்கும் ரகம். பாதி மறைக்கும் ரகம் கான்கிரீட்டின் இயல்பான தோற்றத்தை விட்டுவைக்கும், ஆனால் கறுப்பை வெளுப்பாக்காது. ஆகவே தளத்தில் மிகக் கறுத்த திட்டு எதுவோ, அதைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிர் சாம்பல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முழுதாக மறைக்கும் ரகம்தான் வழி. அது கிட்டத்தட்ட பெயிண்ட் போலத்தான் தெரியும், டயர் ஓடும் பாதையில் முதலில் தேயும்.

அளவுக் கணக்கு: ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்கு 5 முதல் 10 சதுர மீட்டர் வரும். பிரஷ் இழுத்துச் சொரசொரப்பாக்கிய தளத்தில் 5-ஐ ஒட்டியே கணக்கிடுங்கள். 40 சதுர மீட்டர் தளத்துக்கு இரண்டு பூச்சு என்றால் வழவழப்புக்கு 8 லிட்டர், சொரசொரப்புக்கு 16 லிட்டர். எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரே எண் போட்ட டப்பாக்களுக்குள்ளும் லேசான நிற வித்தியாசம் இருக்கும். திட்டை மறைக்கப் போய்ப் புதுத் திட்டை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

தளம் தயாராவதுதான் பாதி வேலை. எண்ணெய் நீக்கியால் கழுவி, அலசி, குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். பிறகு சொட்டுச் சோதனை: தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் ஊறிக் கறுக்க வேண்டும். கறுத்து மினுங்கும் இடங்களில் ஊறாது. அங்கே மட்டும் உப்புத்தாள் வட்டாலோ லேசான அமிலத்தாலோ மேற்தோலைத் திறந்து, தடவினால் 120 எண் உப்புத்தாள் போல இருக்கும்படி செய்ய வேண்டும். அமிலம் போட்டிருந்தால் சமையல் சோடாக் கரைசலால் நடுநிலையாக்கி, அலசிய நீரை பிஎச் தாளால் பார்ப்பது நல்லது. ஈரத்துக்கு ஒரு சோதனை: 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி நின்றால் காத்திருங்கள். காத்திருக்காவிட்டால் கீழிருந்து வரும் ஈரம் ஸ்டெயினையும் சீலரையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

பூசும்போது ரோலரை மட்டும் நம்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பட்டைகள் விழும். கூம்பு நாசில் உள்ள பம்ப் ஸ்பிரேயரால் மெல்லியதாகத் தெளித்து, உடனே மென்மையான பிரஷால் வட்டமாகத் தேய்த்துவிடுவது நல்லது. ஒரு கட்டத்தைத் தொடங்கினால் அடுத்த கட்டத்தைச் சந்திக்கும் இணைப்புக் கோடு வரை போய்த்தான் நிறுத்த வேண்டும். நடுவில் நின்றால் அந்த ஓரம் காய்ந்து கோடாகத் தங்கும். தளத்தின் வெப்பம் 10 முதல் 32 பாகை செல்சியசுக்குள் இருக்கட்டும். வெயில் நேரே விழும்போது வேண்டாம்.

திட்டுகள் கடுமையாக இருந்தால் இரண்டு பூச்சையும் ஒரே மாதிரி அடிப்பது பலன் தராது. முதலில் வெளிறிய இடங்களில் மட்டும், தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்த ஸ்டெயினை, ஓரங்கள் கரைந்து போகும்படி தெளிக்க வேண்டும். அது காய்ந்து, கறுத்த இடத்தின் நிறத்தை நெருங்கிய பிறகுதான் தளம் முழுவதும் ஒரு பூச்சு. எவ்வளவு நீர்க்கலாம் என்பதை டப்பாவில் பாருங்கள். சில ரகங்கள் தண்ணீரே ஏற்காது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு "இரண்டு கோட் அடித்தும் திட்டு தெரிகிறது" என்று பொருளைக் குறை சொல்லும் மதிப்புரைகளை நிறையப் பார்க்கலாம். குறை அந்த டப்பாவில் இல்லை.

நிறம் கலந்த சீலர், பெயிண்ட், எபாக்ஸி

நிறம் கலந்த சீலர் ஒரே வேலையில் இரண்டை முடிப்பதாகச் சொல்லும். லேசான வேறுபாட்டை மறைக்கும், ஆனால் நிறம் முழுவதும் மேலுள்ள படலத்தில் இருக்கிறது. கனம் கூடிய இடம் கறுக்கும், டயர் உரசும் இடம் வெளுக்கும். பழைய ஸ்டெயின் மங்கியதைப் புதுப்பிக்க இது நல்ல பொருள். புதிதாகத் திட்டை மறைக்க இரண்டாம் தேர்வுதான். கரைப்பானில் வரும் அக்ரிலிக் சீலரைக் கனமாகவோ வெயிலிலோ அடித்தால் குமிழ் விழும். ஈரத்தின்மேல் அடித்தால் பால்போல் வெளுக்கும். அப்படி வெளுத்ததை சைலீன் என்ற கரைப்பானை ரோலரால் லேசாக உருட்டி இளக்கிச் சரிசெய்யலாம், காற்றோட்டத்தோடும் நெருப்பில்லாமலும்.

பெயிண்ட் வேண்டாம். சூடான டயர் அதைத் தோலாக உரித்துவிடும். எபாக்ஸி கூரைக்குக் கீழே சரி, வெளியே வெயிலில் மஞ்சளித்துப் பொடியாகும்.

சிலேன்-சிலாக்சேன் ஊடுருவும் சீலர் நிறத்தை மாற்றாது, மாற்றுவதாகச் சொல்லி விற்றால் அது பொய். நல்ல தண்ணீர்த் தடுப்பு, அவ்வளவுதான். திட்டையும் உப்புப் பூப்பையும் சரிசெய்த பிறகே போட வேண்டும். முன்னாலேயே போட்டால் அதற்குப் பின் ஸ்டெயின் ஊறாது, வருடக்கணக்கில் கதவடைத்ததுபோல் ஆகிவிடும்.

மெல்லிய சிமெண்ட் பூச்சு

மிகச் சீரான நிறம் வேண்டுமென்றால், பாலிமர் கலந்த 1 முதல் 3 மி.மீ. பூச்சுதான் கடைசிப் பதில். இதற்கும் கொத்தனார் சொல்லும் "சிமெண்ட் பால் ஒரு கோட்" என்பதற்கும் சம்பந்தமில்லை. வெறும் சிமெண்ட் பால் மெல்லியதாக இருப்பதால் வினை முடியுமுன் காய்ந்து, பொடியாகி, ஒரே பருவத்தில் டயரோடு போய்விடும். பாலிமர் பூச்சுக்கு மேற்பரப்பை வைரத் தட்டால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்; பழைய இணைப்புக் கோடுகளை அப்படியே விட வேண்டும். கோட்டை மூடிப் பூசினால் அதே இடத்தில் விரிசல் விடும். தளத்தில் ஏற்கெனவே அசையும் விரிசல் இருந்தால் அதுவும் மேலே வந்துவிடும். ஒவ்வொரு பைக்கும் தண்ணீரை அளவுக் குவளையால் ஊற்ற வேண்டும். கண்ணால் பார்த்து ஊற்றினால் பழைய தளத்தில் நடந்த அதே கதைதான்: ஒரு பை வெளிறும், அடுத்தது கறுக்கும். கைப்பழக்கம் இல்லாதவர் செய்யக்கூடிய வேலை இதுவல்ல.

ஆள் வைத்துச் செய்வதானால்

கேட்க வேண்டியவை சில. சோதனைச் சதுரம் போட்டுக் காட்டி, காய்ந்த பிறகு ஒப்புதல் வாங்குவாரா? பொருளின் தொழில்நுட்பத் தாளைக் கையில் கொடுப்பாரா? அலசிய அமில நீர் எங்கே போகிறது: செடிக்கா, மழைநீர் வடிகாலுக்கா? சொட்டுச் சோதனை செய்யாமல் ஒரே பார்வையில் "சீலர் அடித்தால் சரியாகிவிடும்" என்று விலை சொல்பவரைத் தவிர்த்துவிடலாம். தளத்தைத் தொடாமல், நனைக்காமல், காரணத்தைக் கேட்காமல் சொல்லும் எந்த விலையும் ஊகம்தான். ஒரே ஒரு கட்டம் மட்டும் வேறு நிறம் என்றால் உடைத்து மறுபடி போடலாம் என்பார்கள். புதுக் கட்டம் பழையதோடு நிறம் ஒத்துப்போவது அபூர்வம். அந்தக் காசில் தளம் முழுவதுக்கும் ஸ்டெயின் அடித்துவிடலாம்.

ஸ்டெயின் முடிந்து 24 மணி நேரம் கழித்து, அதே தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சீலரை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். சரிவான தளமென்றால் வழுக்காமலிருக்க நுண்மணல் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் நடக்கலாம், காரை 72 மணி நேரத்துக்கு ஏற்ற வேண்டாம், குளிர்ந்த வானிலையில் ஒரு வாரம்கூடக் காத்திருக்கலாம். பிறகு ஆண்டுக்கொருமுறை டயர் பாதையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நிற்காமல் ஊறத் தொடங்கினால் மறுபடி சீலர் வேண்டும். அந்தப் பாதைக்கு மட்டும் போட்டால் பட்டையாகத் தெரியும்; தளம் முழுவதையும் கழுவி ஒரு பூச்சாகவே அடிக்க வேண்டும்.